வடுகர் எதிர்ப்பும் பிரதானிகளின் நலனும்: கண்டி வீழ்ச்சிக்காலக் கவிதை குறித்து ஒரு நோக்கு

பேராதனையை அடுத்துள்ள பிலிமத்தலாவையின் பெயர் கண்டி இராச்சியத்தின் இறுதிக்கால வரலாற்றோடு பிணைந்தது. 1798இல் கண்ணுசாமி என்னும் நாயக்கர் குல இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணையேற்றியவர் மகா அதிகாரம் பிலிமத்தலாவை. பின்னர் அவனை அகற்றும் பொருட்டு ஆளுனர் நோர்த்துடன் இரகசியப் பேச்சு நடத்தியவரும் அவரே. முடிசூட்டியபோது தடையாகாத குலம், முடியிறக்கியபோது குற்றமானது எவ்வாறு? 1815ஐ ஒட்டியெழுந்த 'வடிக ஹட்டன', 'கிரள சந்தேசய' ஆகிய சிங்களக் கவிதைகளை ஆராய்வோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இக்கவிதைகளிலே வடுகர், தமிழர் என்னும் பெயர்கள் ஏறத்தாழ ஒரே வசையாகின்றன. அரசன் அழிக்கப்பட வேண்டிய அந்நியன். எகலப்பொலை நாட்டின் மீட்பன். இதனைத் தொன்றுதொட்டு வந்த இனப்பகையின் வெளிப்பாடெனக் கொள்வோர் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபின், அவனது மதுரைத் தேவியின் சகோதரன் அரசனானான். அவனுக்குப் பின்வந்த கீர்த்தி ஸ்ரீ காலத்திலேயே, 1753இல் சீயத்திலிருந்து உபசம்பதா மீட்கப்பட்டுப் பௌத்த சங்கம் புத்துயிர் பெற்றது. பகைமை அறவே இருக்கவில்லை என்பதன்று. 1760இல் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் அவ்வரசனுக்கெதிராகச் சதி செய்தனர். ஆயின் அப்பகைமை எப்போது, எவர் கையில் கருவியாயிற்று என்பதே நோக்கற்பாலது.

கண்டியின் நிலமானிய அமைப்பிலே பதவியும் நிந்தகமும் அரசன் வழங்குபவை. தம் நிலத்தையும் ஆளணியையும் காக்க முனைந்த பிரதானிகளுக்கும், அவர்களை அடக்க முனைந்த அரசனுக்கும் இடையிலான முரண்பாடே இறுதிக்கால அரசியலின் அச்சாணி. பிலிமத்தலாவை 1812இல் கொல்லப்பட்டார். 1814இல் எகலப்பொலை ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகவே, அவரது மனைவியும் பிள்ளைகளும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அக்கொடுமை மெய்யே. எனினும், அதனைப் பாடும் புலவன் ஒரு பிரதானியின் பகையை முழு நாட்டின் பகையாக்கிவிடுகிறான். இராஜகாரியத்தில் உழைத்த குடியானவனின் குரல் அங்கு பிரதானியின் குரலுள் அமிழ்ந்து போகிறது.

1815 மார்ச் 2ஆந் திகதிய ஒப்பந்தம் இதனைத் தெளிவாக்குகிறது. 'மலபார்' இனத்தவரின் ஆட்சியுரிமை ஒழிந்ததென அது விதித்தது. அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றி நாட்டினுள் நுழைந்தால் மரணம் என்றது. அதே ஒப்பந்தம் அதிகார்களினதும் திசாவைகளினதும் உரிமைகளுக்கு உறுதியளித்தது. அரச வருவாய்கள் முன்போலவே திரட்டப்படும் என்றும் கூறியது. இனத்தின் பெயரால் அரசகுலம் விலக்கப்பட்டது, சுரண்டலமைப்பு பேணப்பட்டது. கவிதையில் வசையாக ஒலித்தது காலனித்துவச் சட்டத்தில் விதியாக நின்றது.

ஆயினும் 1817-18 கிளர்ச்சியிலே மக்கள் திரண்டது யார் பின்னால்? நாயக்கர் குலத்துத் துரைசாமி எனத் தன்னைக் கூறிக்கொண்ட வில்பாவையின் பின்னால். கெப்பெட்டிப்பொலையும் அவ்வணியிற் சேர்ந்தார். வடுகர் வெறுப்பு மக்களின் நிலையான உணர்வாயின், மூன்றாண்டுகளுள் இது நிகழ்ந்திராது.

சீனத்திலும் இவ்வாறே. 1911இல் மஞ்சு எதிர்ப்பு முழக்கம் எழுந்தது. சியான் நகரில் மஞ்சுக் குடும்பங்கள் படுகொலையுண்டன. 1912இல் சிங் அரசமரபு வீழ்ந்தபோது அதிகாரம் யுவான் ஷிகாய் என்னும் பழைய தளபதியிடம் சென்றது. லூ சுன் 1921இல் எழுதத் தொடங்கிய 'ஆ கியூவின் உண்மைக் கதை' இதனையே காட்டுகிறது: புரட்சிக்குப் பின்னும் பழைய நீதிபதி பதவியில் இருக்கிறான், சுடப்படுபவன் கூலியாள். இனமுழக்கத்தின் உள்ளீட்டை லூ சுன் கண்டார். புரவலனைச் சார்ந்த கண்டிப் புலவன் காணவில்லை.

தமிழ்த் திறனாய்வாளரும் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். தெலுங்கு மரபினரும், தமிழறிந்தவரும், பௌத்தத்தின் காவலருமாகிய நாயக்க மன்னரைத் 'தமிழ் மன்னர்' எனப் போற்றுவதும் அப்புலவனின் வசையைத் தலைகீழாக்கி ஏற்பதேயாகும். வசையைப் புகழாக மாற்றுவது திறனாய்வன்று. அவ்வசை எந்த வர்க்கத்தின் நலனுக்குப் பயன்பட்டதென வெளிக்கொணர்வதே திறனாய்வு. இனப்பகைமையால் இத்தனை உயிர்களை இழந்த நாட்டில் இப்பணி ஏட்டுக்கல்விக்கு அப்பாற்பட்டது.