பார்த்ததும் புரிவது எது?

1986-இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' வரிசையின் நான்காம் படத்தில் ஒரு வேடிக்கையான காட்சி. இருபத்து மூன்றாம் நூற்றாண்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், மெக்கின்டாஷ் கணிப்பொறியை வாயால் அழைக்கிறார். பதில் இல்லை. நண்பர் மவுஸை எடுத்துக் கொடுத்ததும், ஒலிவாங்கியிடம் பேசுவதுபோல் அதனிடம் பேசுகிறார்! பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் அறிவில் என்ன குறை? மவுஸை முன்பின் கண்டதில்லை, அவ்வளவுதான்.

மெக்கின்டாஷ் திட்டத்தை 1979-இல் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், 1994-இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் இக்காட்சியை எடுத்துக்காட்டினார். 'பார்த்ததும் புரிகிறது' என்று ஒரு கருவியை நாம் புகழும்போது, 'முன்பே பழகியது' என்றுதான் சொல்கிறோம் என்பது அவர் வாதம். புதுமையும் வேண்டும், பார்த்ததும் புரியவும் வேண்டும் என்று கேட்பது முரண்பாடு என்றும் அவர் கருதினார்.

முதற்பகுதியை மறுப்பது கடினம். 2011-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் பக்கம் நகரும் திசையைத் தலைகீழாக்கி, அதற்கு 'இயற்கையானது' என்றே பெயர் சூட்டியது. தொடுதிரையில் பழகிய விரலுக்கு அது இயற்கை. மவுஸின் உருளையில் பழகிய விரலுக்கோ குளறுபடி. இயற்கை எப்படி இரண்டு திசையிலும் ஓடும்?

ஆனால் இரண்டாம் பகுதியை ஏற்பதற்கில்லை. பழக்கம் என்றால் எங்கே பெற்ற பழக்கம் என்று ராஸ்கினின் சமன்பாடு கேட்பதில்லை. நம் தமிழ் விசைப்பலகையையே பாருங்கள். பழைய தட்டச்சு முறையில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையிலோ முதலில் 'க', அடுத்து 'எ'. 'க'வை இருமுறை தட்டினால் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிவிடும். உயிர்கள் இடப்புறம், மெய்கள் வலப்புறம். விரலுக்கு இது முற்றிலும் புதிது; ஆனால் க் + எ = கெ என்று பள்ளியில் படித்த மனத்துக்கு அறிமுகமானது. புதுமை, பழக்கம் இரண்டும் இங்கே ஒரே பலகையில் இருக்கின்றன அன்றோ!

ஆனால் பல்லாண்டு தட்டச்சு செய்தவரிடம் இந்த இலக்கண நியாயம் எடுபடாது. 'கெ' என்றதும் அவர் விரல் கொம்பைத்தான் தேடும்.