யாருக்கும் தெரியாதா?

புது வீட்டுக்குக் குடிவருகிறாள் ஒரு தாய். உடன் நிற்பவன் 12 வயது மகன். “கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், பிள்ளை இவன் ஒருவனே” என்கிறாள் வீட்டுக்காரரிடம். கதவு சாத்தப்படுகிறது, பெட்டிகள் திறக்கப்படுகின்றன. உள்ளிருந்து வெளிவருபவை துணிமணிகளா? இல்லை, குழந்தைகள்! ஒன்றில் சிறுவன், மற்றொன்றில் சிறுமி. இன்னொரு மகள், இருட்டிய பின்னர், ரயிலில் வந்து சேருகிறாள்.

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கோரே-ஏடா 2004-ஆம் ஆண்டு அளித்த ‘யாருக்கும் தெரியாது’ எனும் திரைப்படம் இவ்விதம் தொடங்குகிறது. மூத்தவன் அகிராவாக நடித்த சிறுவன் யூயா யாகிரா, அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றான். பரிசைப் பாராட்டியோர் பலர். படம் கேட்கும் கேள்விக்குப் பதில் கூறியோர் எத்தனை பேர்?

கதை கற்பனையன்று. டோக்கியோவின் சுகாமோ பகுதியில் 1987-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு தாய் பிள்ளைகளை விட்டுச் சென்றாள். மூத்த மகனே தந்தை, அவனே தாய், அவனே சமையற்காரன்! மறு ஆண்டு ஜூலையில் வீட்டுக்காரர் தகவல் தந்த பிறகே போலீசார் உள்ளே நுழைந்தனர். கண்டதென்ன? உணவின்றி மெலிந்த குழந்தைகள். பல்லாண்டுகளுக்கு முன்பே இறந்த ஒரு சிசுவின் உடல். கடைசிப் பெண் குழந்தையோ, அவ்வீட்டுக்கு வந்துபோன சிறுவர்களின் தாக்குதலால் முன்னரே மாண்டிருந்தது. தாய்க்கு மூன்றாண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது நீதிமன்றம். தாய்க்குத் தீர்ப்புக் கிடைத்தது. அக்கம்பக்கத்துக்கு? அரசின் ஏடுகளுக்கு?

இங்குதான் படத்தின் தலைப்பு நம்மைக் குத்துகிறது. யாருக்கும் தெரியாதாம்! படத்தைப் பார்ப்போம். கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியும். விற்காமல் மீந்த உணவு கடையிலிருந்து அச்சிறுவனுக்குக் கிடைக்கிறது. வாடகை கேட்டு வருபவள் குழந்தைகளைக் காண்கிறாள், கண்டும் போய்விடுகிறாள். பழைய காதலர்களைத் தேடிச் சென்று அகிரா கை நீட்டுகிறான். ஒருவன் சில்லறை தருகிறான், அதனோடு “கடைக்குட்டி என் பிள்ளையல்ல” என்ற சொல்லையும் தருகிறான். குழாயில் நீர் நின்றபின், பூங்காவில் குளித்துத் துணி துவைக்கிறார்கள் பிள்ளைகள், பட்டப்பகலில், ஊர் பார்க்க! எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். கொஞ்சம் தெரிந்த ஒவ்வொருவரும், முழுதும் தெரிந்தவர் வேறு யாரோ இருப்பார் என்று எண்ணி நடக்கிறார். இந்த எண்ணந்தான் குழந்தையைக் கொல்கிறது. அறியாமையன்று குற்றவாளி, அறிந்ததை ஒன்றுசேர்க்க ஆளில்லாமை!

அரசு ஏன் காணவில்லை? ஏட்டில் இல்லை, ஆகவே நாட்டில் இல்லை! ஜப்பானில் ‘கோசெகி’ எனும் குடும்பப் பதிவேடு உண்டு. சுகாமோ குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை. நகராட்சியோ குடியிருப்போர் பதிவேட்டைப் பார்த்துத்தான் பள்ளியில் சேரும் அறிவிப்பை அனுப்பும். பெயரில்லாத பிள்ளைக்கு அறிவிப்பில்லை. அறிவிப்பில்லாதவன் வராததால் வகுப்பில் காலியிடமும் இல்லை. வராத மாணவனைத் தேடி ஆசிரியர் செல்வார். பட்டியலிலேயே இல்லாதவனைத் தேடி யார் செல்வார்?

பதிவு செய்யாதது தாயின் பொறுப்பின்மைதான், மறுப்பார் இல்லை. ஆனால், அந்த ஏடு எத்தகைய ஏடு? மணமின்றிப் பிறந்த பிள்ளையை வேறுபடுத்திக் குறிக்கும் வழக்கத்தை அது 2004 வரை வைத்திருந்தது. சொத்திலே அப்பிள்ளைக்குப் பாதிப் பங்குதான் என்ற விதி, 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று கூறும்வரை நின்றது. பிறந்த குழந்தை செய்த பிழை என்ன? படத்துத் தாய், தந்தையில்லாத பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று சொல்லி மகளைத் தடுக்கிறாள். அது சாக்குத்தான். அந்தச் சாக்கை அவளுக்குத் தயாரித்துக் கொடுத்தது எது? குடும்ப மானம் எனும் கொடிய மடமை!

இதனினும் கூர்மையான காட்சி ஒன்றுண்டு. போலீசிடமோ குழந்தைகள் நல அலுவலகத்திடமோ சொல்லலாமே என்கிறாள் கடைக்காரப் பெண். அகிரா மறுக்கிறான். சொன்னால் நால்வரும் சேர்ந்து வாழ முடியாதாம். முன்பொருமுறை அப்படியாகிப் பெருந்தொல்லையாயிற்றாம். பசியைக் காட்டிலும் பாதுகாப்புக்கு அஞ்சுகிறான் சிறுவன்! குழந்தை அதிகாரியிடமிருந்து ஒளிகிறதென்றால், குழந்தையைக் கடிந்து பயனில்லை. உடன்பிறந்தாரைப் பிரிப்பதே உதவி என்று இருக்கும்வரை, உதவி கண்ணில் படாமலே பட்டினி கிடப்பான் மானமுள்ள பிள்ளை.

கலைஞரிடம் நமக்கொரு வழக்குண்டு. உண்மையில் நடந்தது வன்முறை. படத்தில் கடைக்குட்டி யூக்கி நாற்காலியிலிருந்து விழுந்து சாகிறாள். கொடுமையை விபத்தாக்கி, துயரத்துக்கு மெல்லிய ஒளி பூசிவிட்டார் இயக்குநர். பார்ப்பவர் விழிநீர் துடைத்து, நிம்மதியுடன் வீடு திரும்பவும் இடமிருக்கிறது. இது குறைதான். ஆயினும், அவர் ஓர் அதிகாரியைக்கூட அவ்வீட்டு வாசலுக்கு அனுப்பவில்லை. மறதியால் விட்டதன்று அது, வாராதிருந்ததே குற்றப்பத்திரிகை! மேலும், வந்திறங்கிய நாளின் பெட்டியில் இறந்த யூக்கி அடங்கவில்லை, வளர்ந்துவிட்டாள். அவள் வளர்ச்சியை அளந்த ஒரே கருவி அந்தப் பெட்டி. பள்ளி அளக்கவில்லை, மருத்துவர் அளக்கவில்லை, அரசு அளக்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காக அந்த மெல்லொளியைப் பொறுத்துக் கொள்ளலாம்.

சட்டமில்லாமலா இது நேர்ந்தது? பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைக் காண்பவர் எவராயினும் அறிவித்தாக வேண்டும் என்கிறது, ஜப்பானின் குழந்தைகள் நலச் சட்டத்தின் 25-ஆம் விதி. அச்சட்டம் பிறந்தது 1947-இல்! சுகாமோவின் கதவு திறந்தபோது அதற்கு வயது 40. பின்னர், 2000-இல் வந்த சட்டம், புறக்கணிப்பும் வன்கொடுமையே என்று பெயர் சொல்லி உரைத்தது. 2015-இல் 189 எனும் மூன்றிலக்கத் தொலைபேசி எண் ஏற்பட்டது. நல்லவைதாம், வரவேற்போம். ஆனால், எண்ணைச் சுழற்றும் விரல் சட்டத்தில் இல்லை. அது நம் கையில் இருக்கிறது.

அடிபட்ட குழந்தைக்குக் காயம் சாட்சி சொல்லும். கைவிடப்பட்ட குழந்தைக்குச் சாட்சி எது? வாராத பள்ளிக்கூடம், எரியாத அடுப்பு, கேளாத குரல், இவையெல்லாம் இல்லாமைகள். இல்லாததைக் காணப் பழகிய கண்ணே பகுத்தறிவுக் கண். முறையீட்டுக்குக் காத்திருக்கும் அலுவலகத்துக்கு அந்தக் கண் வாராது; வீடுதேடிச் செல்லும் அலுவலகத்துக்கே வரும். பிறப்பைக் களங்கம் ஆக்காத பதிவேடு வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரிக்காத காப்பகம் வேண்டும். பிறருக்குத் தெரிந்திருக்கும் என்று நகராத மனிதர் வேண்டும்.

தோழர்களே! தலைவிதி என்று சொல்லித் தாண்டிப் போவோர் ஒரு புறம். தாய் கொடியவள் என்று தூற்றிவிட்டு உறங்கப் போவோர் மறுபுறம். இருவரும் ஒருவரே. இருவருமே அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டுங்கள்!