பாவையும் துயரும்

மெய்ப்பாடு எட்டு என வகுத்த தொல்காப்பியர், அழுகைக்கும் அச்சத்துக்கும் தனித்தனியே நந்நான்கு நிலைக்களன்களைக் காட்டினார். அழுகை பிறக்கும் இடங்களுள் ஒன்று இழவு. அச்சம் பிறக்கும் இடங்களுள் ஒன்று அணங்கு. அணங்கு என்னும் சொல்லுள் பேய், பூதம் முதலியவற்றை அடக்குவர் உரையாசிரியர். இலக்கணத்தில் வேறு வேறாக நிற்கும் இவ்விரண்டும் வாழ்க்கையில் அண்டை வீடுகளாகவே உள்ளன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நள்ளிரவில் கதவு அசையும் ஒலியைக் கேட்டால், அவள் நெஞ்சில் முதலில் எழுவது 'வந்துவிட்டாளோ' என்னும் ஆசையே. அந்த ஆசை எவ்விடத்தில் அச்சமாகத் திரிகிறது என்று காட்டுவதிலேதான் பேய்க்கதையின் தரம் தங்கியுள்ளது.

இவ்வளவுகோலைக் கொண்டு ஆராயத்தக்க திரைப்படம், 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்னாபெல்: கிரியேஷன்' என்னும் அமெரிக்கப் படமாகும். இதனை நெறிப்படுத்தியவர் டேவிட் எஃப். சாண்ட்பெர்க், எழுதியவர் கேரி டாபர்மன். 2013இல் வந்த 'தி கான்ஜுரிங்' என்னும் படத்தில் சிறிது நேரமே தோன்றிய பொம்மைக்கு 2014இல் தனிப்படம் அமைந்தது. அதற்கும் முற்பட்ட கதையைக் கூறுவது இப்படம்.

சாமுவேல் மலின்ஸ் என்பவர் பொம்மை செய்யும் கைவினைஞர். அவருக்கும் மனைவி எஸ்தருக்கும் ஒரே மகள், ஏழு வயதினள். தந்தையும் மகளும் துண்டுக் கடிதங்களை எழுதி வைத்து ஒளிந்து விளையாடுவது வழக்கம். 1943இல் ஒருநாள், வழியில் நின்ற தங்கள் வண்டியின் சக்கரத் திருகாணி உருண்டோட, அதனை எடுக்கச் சென்ற சிறுமி வேறொரு வண்டி மோதி இறக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவ்வீட்டுக்கு ஒரு கன்னியாத்திரியும் ஆதரவற்ற ஆறு சிறுமிகளும் குடிவருகின்றனர். அவர்களுள் போலியோவால் கால் நலிந்த ஜானிஸ், பூட்டிய அறையொன்றைத் திறந்து அலமாரியுள் அடைபட்டிருந்த பொம்மையைக் காண்கிறாள். அதன்பின் நேர்வன யாவும் கொடுமைகள்.

கதையின் உயிர்நிலை எஸ்தரின் வாக்குமூலத்தில் உள்ளது. மகளை மீண்டும் காண வேண்டும் என்ற வேட்கையால் அவர்கள் எந்தச் சக்தியாயினும் சரி என்று வேண்டினர். ஏதோ ஒன்று செவிசாய்த்தது. மகளின் சாயலில் அவ்வப்போது தோன்றிய அது, பொம்மையினுள் குடியிருக்க இசைவு கேட்டது, பெற்றோர் இசைந்தனர். வந்தது மகள் அன்று என்பதை அவர்கள் பின்னரே உணர்ந்தனர். எஸ்தர் ஒரு கண்ணை இழந்தாள். குருமாரின் துணையுடன் பொம்மை அலமாரியில் அடைக்கப்பட்டது. பேய் கதவை உடைத்து நுழையவில்லை; பெற்றோரின் அன்பே கதவைத் திறந்துவிட்டது. படத்தின் மிகச் சிறந்த கருத்து இதுவே.

தமிழர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. 'பாவை' என்னும் ஒரே சொல் பொம்மையையும், பெண்ணையும், கண்ணின் மணியையும் குறிக்கும். குறுந்தொகையும் நற்றிணையும் போற்றும் கொல்லிப்பாவை, தெய்வத்தால் வகுக்கப்பட்டது. கண்டாரைத் தன் எழிலாலும் நகையாலும் ஈர்த்துக் கொல்வது என்பர். பிற்காலத் தமிழ்த் திரையும் பொம்மையை விட்டுவைக்கவில்லை. எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) வெடிகுண்டை உள்ளே சுமந்தது; அங்கே மருமம் உண்டு, பேய் இல்லை. 'வா அருகில் வா' (1991) என்னும் படத்தில் கொலையுண்ட பெண்ணின் ஆவி பொம்மையிற் புகுந்து பழி தீர்க்கிறது. அப்பொம்மையுள் இருப்பவள் பார்வையாளர் அறிந்த பெண். அவள் சினத்துக்கு நியாயம் உண்டு. மலின்ஸ் வீட்டுப் பொம்மையுள் இருப்பதோ மகளின் முகமூடி அணிந்த அந்நியம். ஆதலின் முன்னையதினும் இதுவே அச்சத்தில் ஆழமானது.

எனினும் இப்படத்தை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற கட்டளைக்கல் பெரியபுராணத்தில் உள்ளது. மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை, மலர் கொய்யச் சென்றவிடத்துப் பாம்பு தீண்டி இறந்தாள். அவளுக்கும் வயது ஏழு. தந்தையார் அவளது எலும்பையும் சாம்பரையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்து, அணியும் பட்டும் சாத்திப் பேணினார். இந்நிலைவரை மயிலை மாளிகைக்கும் மலின்ஸ் வீட்டுக்கும் வேற்றுமை சிறிதே. இரண்டிலும் இறந்த பெண்ணுக்கு ஓர் அறை உண்டு. இரண்டிலும் பெற்றோர் துயரை ஒரு பொருளின்மேல் ஏற்றி வைத்திருக்கின்றனர்.

வேற்றுமை அடுத்த படியிலே தொடங்குகிறது. சிவநேசர் குடத்தை வெளியே கொணர்கிறார். கபாலீச்சரத்தின் மதிற்புறத்தே, ஊரார் கூடியிருக்க, ஞானசம்பந்தர் பதிகம் பாடுகிறார். அப்பதிகம் ஊரின் விழாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்துப் பெயர் சொல்லி அவளை அழைக்கிறது. பெயரில்லாச் சக்தியிடம் மூடிய கதவின் பின்னே செய்த வேண்டுதலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. பன்னிரண்டு வயது நங்கையாய்ப் பூம்பாவை எழுந்தபின் நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. அவளை ஏற்றுக்கொள்ளுமாறு தந்தை வேண்ட, சம்பந்தர் அவள் இனித் தமக்கு மகள் முறையினள் என மறுக்கிறார். திரும்பக் கிடைத்த பிள்ளையும் தந்தையின் எண்ணப்படி வாழ்வதற்கு உரியவள் அல்லள். இறைவனுக்கே உரியவளாய் வாழ்கிறாள். பெற்றபின்னும் விட்டுக்கொடுத்தலே அக்கதையின் முடிவு. மலின்ஸ் தம்பதியர் கல்லாத பாடம் அதுவே.

கொத்மலையிலிருந்து இப்படத்தைக் காண்போர்க்கு வேறொரு சிந்தனையும் எழும். மகாவலித் திட்டத்தின்கீழ் 1985இல் நிறைவெய்திய நீர்த்தேக்கத்தினுள் பழைய ஊர்களும் வழிபாட்டிடங்களும் மூழ்கியுள்ளன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளித்தோன்றும். அதைக் கண்டு எவரும் ஓடுவதில்லை, பார்க்கவே செல்கின்றனர். மறைந்தது மீண்டும் தோன்றுதல் இயல்பாகவே அச்சந் தருவது அன்று என்பதற்கு இது சான்று. மறைந்ததன் வடிவில் பிறிதொன்று வருவதே அச்சம்.

தோட்டங்களின் துயரும் பூட்டிய அறைக்குள் அடங்குவதில்லை. லயத்தில் ஒரு வீட்டின் அழுகை அடுத்த காம்பிராவுக்குக் கேளாமல் இராது. இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவள் இறந்தவரை முறை சொல்லி அழைக்கிறாள். சூழ்ந்திருப்போர் அவளைக் கட்டிக்கொண்டு தாமும் அழுகின்றனர். மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், எரிந்த காமனுக்காக இரதி புலம்புவது ஊரறிந்த புலம்பல். புராணத்தின்படி காமன் உயிர் பெறுகிறான். ஆயினும் இரதியின் கண்ணுக்கன்றிப் பிறர்க்கு உருவிலியாகவே நிற்கிறான். உருவம் வேண்டும் என்று அவள் ஒரு பொம்மையைத் தேடவில்லை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலையின் கீழே கல்லறையும் நினைவுக்குறியும் இன்றிப் புதையுண்ட தம் மக்களைத் தம் நெடுங்கவிதையில் பாடினார். 2014 ஒற்றோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும் பலருடைய உடல்கள் மீட்கப்படாமலே போயின. எரிக்க உடலும் வைக்க நினைவுக்கல்லும் இல்லாத துயரை இம்மக்கள் அறிவர். அத்துயரைத் தாங்கியது பலர் கூடி அழுத அழுகையே.

இந்நோக்கில் படத்தின் நிறையும் குறையும் தெளிவாகின்றன. முற்பகுதியில் நெறியாளர் ஓசையையும் இருளையும் அளவறிந்து கையாள்கிறார். தந்தையும் மகளும் விளையாடிய துண்டுக் கடிதம், அவள் இறந்தபின் ஜானிஸின் கையில் கிடைக்கும்போது, அன்பின் அடையாளம் ஒன்றே அச்சத்தின் அடையாளமாகிவிடுகிறது. இழவு அணங்காகத் திரியும் நொடி அது. நல்ல கலைஞனின் வேலை. தலிதா பேட்மனின் நடிப்பும் அதற்குத் துணை நிற்கிறது.

பிற்பகுதியில் படம் தன் துயரை மறந்துவிடுகிறது. வைக்கோற் பொம்மை, கிணறு, களஞ்சியம் என அச்சுறுத்தும் பொருள்கள் அடுக்கப்படுகின்றன. வேறொரு படத்துக்கு விளம்பரம் போலக் கன்னியாத்திரிகளின் நிழற்படம் ஒன்றும் காட்டப்படுகிறது. எஸ்தரின் வாக்குமூலம், எழுப்பிய வினாவை ஆராய்வதற்கு இடமாகாமல், நேர்ந்ததை விளக்கும் குறிப்பாகச் சுருங்குகிறது. தம் பிள்ளையை மீட்க விழைந்தோர் பிறர் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து, பூட்டிய அறையைப் பற்றி ஒன்றும் உரையாமல் விட்டனரே. அந்தப் பழியை எவ்வாறு சுமந்தனர்? பெற்றோர் இல்லாச் சிறுமிகளும் பிள்ளை இல்லாப் பெற்றோரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். இருசாராரும் தம் இழவைப் பற்றி ஒருநாளேனும் கூடிப் பேசினரா? அவ்வாறு பேசும் காட்சி ஒன்று இருந்திருப்பின், பொம்மையின் வலிமை அங்கேயே குன்றியிருக்கும்; படத்தின் வலிமை மிகுந்திருக்கும்.

அச்சம் ஊட்டுவதில் இப்படம் வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை. அழுகையை அதன் முடிவுவரை பின்தொடரும் துணிவு இதற்கு இல்லை. துயருற்றோர் ஒரு பாவையைப் பேணுவது குற்றமாகாது, சிவநேசரும் பேணினார். அதனை ஊரின் கண்முன் கொணராமல் தாழிட்டு வைத்ததே மலின்ஸ் வீட்டின் கேடு. இழவு வீட்டின் கதவைச் சாத்தலாகாது என்னும் தோட்டத்துப் பழக்கத்தின் பொருளை, தன்னை அறியாமலே எடுத்துக்காட்டும் அளவில் இப்படம் காணத்தக்கது.