துணுக்கும் விளக்கமும்: தம்போய் ‘ஹரிமாவ்’ வழி ஒரு திறனாய்வு

மனிதன் தான் விரும்பும் பொருளைப் பற்றிப் பேசுவதில் தனி இன்பம் காண்கிறான். பழைய கார்களையும் அரிய வாகனங்களையும் போற்றும் அன்பர்கள் இதற்கு விலக்கல்லர். அவர்கள் கூடுமிடத்தில் செய்தித் துணுக்குகள் மழையெனப் பொழியும். எந்த ஆண்டில் எந்த விளக்கின் வடிவம் மாறிற்று, எந்த வண்டி மூன்று சக்கரத்தில் ஓடிற்று என்பன அவர்தம் நாவில் நின்று விளையாடும். இதனை வீண்பேச்சென ஒதுக்குவார் உளர். பேரறிவெனக் கொண்டாடுவாரும் உளர். இவ்விரு கருத்துள் எது பொருந்தும் என்பதை, ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் உருவான ஒரு வாகனத்தைக் கொண்டு ஆராய்வது தகும்.

1967ஆம் ஆண்டையொட்டி, கார்களை உள்நாட்டிலேயே பொருத்தும் ஆலைகளுக்கு மலேசிய அரசு அனுமதி வழங்கலாயிற்று. அக்காலத்தில் எழுந்த ஆலைகளுள் ஒன்று தம்போயில் அமைந்தது. 1970களில் அது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து வெளிவந்த எளிய பார வண்டியே ‘ஹரிமாவ்’. மலாய் மொழியில் இச்சொல்லுக்குப் புலி என்பது பொருள். நாட்டின் அரசுச் சின்னத்தில் இடம்பெற்ற விலங்கும் அதுவே. பெயரில் புலியாயினும் தோற்றத்தில் அது சக்கரம் பூட்டிய தகரப்பெட்டி. அதனுள் இயங்கியது பிரிட்டனின் வொக்ஸ்ஹால் விவா காரின் இயந்திரம்.

இவ்வண்டியைப் பற்றி அன்பர்கள் கூறும் துணுக்குகள் இரண்டு. அதன் உடலில் வளைவே இல்லை என்பது ஒன்று. அதுவே மலேசியாவின் முதல் கார் என்பது மற்றொன்று. முதற்றுணுக்கு பெரும்பாலும் உண்மை. ஆயின் முற்றுப்பெறாத உண்மை. இரண்டாவது துணுக்கு ஆய்வுக்கு நில்லாதது.

வளைவு ஏன் இல்லை? காரின் வளைந்த உடற்பகுதிகளை வார்ப்பதற்குப் பெரிய அழுத்து இயந்திரங்களும், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அச்சுகளும் வேண்டும். அவற்றின் விலை மிகப் பெரிது. பல்லாயிரக்கணக்கில் வண்டி விற்றாலன்றி அச்செலவு மீளாது. சிறிய சந்தையுடைய நாட்டிற்கு அது கட்டுப்படியாகாது. தட்டையான தகட்டையோ சாதாரணப் பட்டறையிலேயே வெட்டி, மடித்து, ஒட்டவைத்துவிடலாம். ஆகவே வளைவின்மை அழகுணர்ச்சியின் குறைபாடன்று. பொருளியல் விதித்த வடிவம். ‘ஏன்’ என்ற ஒரு வினா எழுந்தவுடன் துணுக்கு வரலாறாக மாறுவதை ஈண்டுக் காணலாம்.

இனி, ‘முதல்’ என்னும் பெருமையை நோக்குவோம். வளரும் நாடுகள் பலவற்றுக்கென ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ஒரே திட்டத்தின் பிள்ளைகளுள் ஒன்றே ஹரிமாவ். பிலிப்பைன்ஸில் அதன் உடன்பிறப்பு ‘ஹராபாஸ்’ எனப் பெயர் பெற்றது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் ஜப்பானின் மிட்சுபிஷி லான்சரை அடியொற்றியதே. 2014 வரை இந்தியாவில் உருவான அம்பாசடரின் மூலமும் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான். பொருத்துதல் வேறு, வடிவமைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறைக்கும் ‘முதல்’ என்ற சொல் பெருமை தரலாம்; தெளிவு தராது.

ஒப்புமை, துணுக்குக்கு மேலும் ஒளியூட்டும். 1977இல் இந்தோனேசியாவில் டொயோட்டா நிறுவனம் ‘கிஜாங்’ என்னும் வண்டியை வெளியிட்டது. கிஜாங் என்பது ஒருவகை மான். அதுவும் தட்டைத் தகட்டால் ஆன எளிய பார வண்டியாகவே பிறந்தது. ஆனால் வாங்குவோரின் தேவையறிந்து படிப்படியாகக் குடும்ப வண்டியாக வளர்ந்தது. மலேசியர் அறிந்த அன்சரும், தமிழகத்தார் அறிந்த குவாலிஸும் இன்னோவாவும் அதன் வழித்தோன்றல்களே. தம்போய்ப் புலி மறைந்தது. ஜாவாவின் மான் நிலைத்தது. பெயரின் வீறு பொருளின் வாழ்நாளை நீட்டுவதில்லை.

தமிழ் உரைமரபு கற்றோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பதவுரை சொல்லின் பொருளைத் தரும். விளக்கவுரையே நூலின் உள்ளத்தைக் காட்டும். கார் அன்பர்கள் சிறந்த பதவுரைகாரர்கள். சிறு ஆணியையும் மறவாத அவர்தம் நினைவாற்றலும், பழம்பொருளைக் காக்கும் பரிவும் போற்றற்குரியன. அவர்தம் குறை, பதவுரையோடு அமைந்துவிடுவதே ஆகும்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இயந்திரத்தின் பிறப்பிடத்தை அறிந்தோர், தகட்டை மடித்த கையை அறிய முயல்வதில்லை. 1970களின் தொடக்கத்தில் இருபது வயதில் அவ்வாலையுள் நுழைந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். வண்டிக்கு மாற்றுறுப்புத் தேடலாம். அவருடைய நினைவுக்கு மாற்றில்லை.

எனவே துணுக்கு இகழத்தக்கதுமன்று, அதுவே அறிவுமன்று. அறிவின் வாயில் எனலாம். மாணவர்க்குப் பொது அறிவுத் துணுக்குகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், ஒவ்வொன்றின் பின்னும் ‘ஏன்’, ‘யாரால்’ என்னும் வினாக்களை வைத்தல் வேண்டும். தம் ஊர் முதியோரிடம் சென்று அவ்விடையைக் கேட்டு எழுதும் மாணவன், நூலகத்தில் கிட்டாத ஓர் ஏட்டினைத் தமிழுக்கு ஆக்கித் தருவான்.