அலுவலக அளவுகோலும் பட்டாசு அறையும்: உள்ளகச் சூழல் தர ஆய்வுகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கட்டடத்தினுள் நிலவும் வெப்பம், காற்று, ஒளி, ஒலி ஆகியவற்றின் தன்மையை உள்ளகச் சூழல் தரம் என்பர். பணியாளரின் வசதியுணர்வையும் மனநிறைவையும் அது எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் அலுவலகங்களையே களமாகக் கொள்கின்றனர். அவ்வாய்வுகளின் அளவுகோல்கள் விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோல்களின் பின்புலம்

டென்மார்க் அறிஞர் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூல், வெப்ப வசதியை ஆறு காரணிகளால் கணித்தது. காற்றின் வெப்பநிலை, சுற்றுப்பரப்புகளின் கதிர்வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடலுழைப்பு, உடை என்பன அவை. கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் கல்லூரி மாணவரிடம் நிகழ்த்திய சோதனைகளே அதற்கு அடிப்படை. 1998இல் டி டியர், பிரேகர் ஆகியோர் தகவமைப்புக் கொள்கையை விரிவாக நிறுவினர். சாளரத்தைத் திறந்தும், உடையை மாற்றியும், விசிறியை இயக்கியும் மனிதர் தமக்குரிய வசதியைத் தேடிக்கொள்வர் என்பது அதன் சாரம். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட 5 நகரங்களின் 16 அலுவலகக் கட்டடங்களை ஆராய்ந்து இந்தியத் தகவமைப்பு மாதிரியை உருவாக்கியது. அயல்நாட்டு வரையறையை அப்படியே ஏற்காமை அதன் சிறப்பு. எனினும் அதன் களமும் அலுவலகமே.

பட்டாசு அறையின் இயல்பு

பட்டாசு ஆலையின் கணக்குப் பிரிவுக்கு இம்மாதிரி பொருந்தலாம். மருந்து கலக்கும் அறைக்கும் மருந்து செலுத்தும் அறைக்கும் அது பொருந்தாது. தீப்பொறிக்கு அஞ்சி அங்கு மின்விளக்கும் மின்விசிறியும் தவிர்க்கப்படுகின்றன. பகலொளியிலேயே பணி நடைபெறுகிறது. கதவுகள் தப்பிச் செல்வதற்கென அமைந்தவை. பருத்தியுடை பாதுகாப்பின் தேவை. காற்று வேகமாக வீசினால் நுண்ணிய அலுமினியத் தூள் பறக்கும். காற்று வறண்டால் நிலைமின்னேற்றம் மிகும். ஈரம் புகுந்தால் அலுமினியக் கலவை தானாகவே சூடேறக்கூடும். ஆகவே, அலுவலகத்தில் வசதியைத் தீர்மானிக்கும் காரணிகளே இங்கு உயிரையும் தீர்மானிக்கின்றன. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், இவ்வறைகளின் சூழலை வெறும் வசதிப் பொருளாகக் காண இயலாது.

மனநிறைவு என்னும் சான்று

தகவமைப்புக் கொள்கை, சூழலை மாற்றும் உரிமை பணியாளருக்கு உண்டு எனக் கொள்கிறது. பட்டாசு அறையில் அவ்வுரிமை மிகக் குறைவு. செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் ஓய்வெடுத்தால் வருமானத்தை இழப்பர். இந்நிலையில் வெப்பத்திற்குப் பழகியவர் வினாநிரலில் ‘நிறைவு’ எனக் குறிக்கலாம். அது வசதியின் சான்றாகாது; மாற்றுவழியின்மையின் சான்றாகவும் இருக்கலாம். விடைகளின் சராசரியால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒவ்வொரு பணியறையிலும் போதிய காற்றோட்டமும், தொழிலாளர்க்கு நியாயமான வசதி தந்து உடல்நலக் கேட்டைத் தடுக்கும் வெப்பநிலையும் இருத்தல் வேண்டும் என்றது. சட்டம் தொழிலாளிக்கு வழங்கிய ‘வசதி’ என்னும் சொல்லை ஆய்வுலகம் அலுவலகத்திற்குள் சுருக்கிவிட்டது எனலாம்.

முடிவுரை

சிவகாசியை ஆராய முனைவோர் மனநிறைவு வினாவோடு மேலும் இரண்டு வினாக்களை இணைத்தல் வேண்டும். சூழலில் எதனை மாற்றப் பணியாளரால் இயலும்? ஓய்வெடுத்தால் அவர் இழக்கும் கூலி எவ்வளவு? இவற்றை ஆலைக்கு வெளியே, மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் கேட்பதே முறை. நண்பகலுக்குப் பின் அறைக்குள் நிலவும் வெப்பத்தையும் கூரையின் கதிர்வெப்பத்தையும் அளத்தல் வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதிகாலைப் பணிநேரம், கூலியுடன் கூடிய ஓய்வு ஆகியவை மின்சாரமின்றி வெப்பத்தைத் தணிக்க உதவும். பணியாளர் நிறைவாக உள்ளாரா என்பதற்கு முன், நிறைவில்லை எனச் சொல்லும் நிலையில் அவர் உள்ளாரா என ஆய்வு கேட்டல் வேண்டும்.