பத்துத்தூணை அண்ணாந்து பாருங்கப்பா!

முதல்லயே சொல்லிடறேன், நடுநிலையான கட்டுரை வேணும்னா தயவுசெஞ்சு பக்கத்தைப் புரட்டிடுங்க. மதுரைக் கடைவீதிக்குள்ள ஒரு மரபு நடை போயிட்டு வந்திருக்கேன். வந்த நாளா வீட்ல, ஆபீஸ்ல, டீக்கடையில யார் மாட்டினாலும் விடறதில்ல. நான் வாயைத் திறந்தாலே என் மகள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிறா. இப்ப நீங்க மாட்டியிருக்கீங்க.

விடிஞ்சும் விடியாத ஞாயித்துக்கிழமை, ஒரு ஷட்டரும் ஏறல, பால் வண்டியும் பூக்கூடையும் மட்டும் போகுது வருது. விளக்குத்தூண் அடியில கூடினோம். கூட்டிட்டுப் போறவங்க ஒரு டீச்சரம்மா, தோள்ல தொங்குற ஒரு சின்ன ஒலிபெருக்கி. (அது கொஞ்சம் கரகரன்னுச்சு. குறைன்னா அவ்வளவுதான், மேல கேக்காதீங்க.) "ஜிகர்தண்டா குடிக்க வந்தப்ப இந்தத் தூணை எத்தனை பேர் பாத்திருக்கீங்க?"ன்னாங்க. எல்லாரும் திருதிருன்னு முழிச்சோம். அது பிளாக்பர்ன் துரையோட ஞாபகமா ஊர்க்காரங்க வச்ச விளக்கு! 1840கள்ல இங்க கலெக்டரா இருந்தவர். கோட்டைச் சுவருக்குள்ள ஊர் மூச்சு முட்டிக் கிடந்துச்சு. இடிச்சுடலாம்னு முடிவெடுத்தார். இடிக்கக் காசு? இங்கதான் மனுஷனோட மூளையைப் பாருங்க, சுவரை இடிச்சு அகழியைத் தூர்க்கிறவங்களுக்கு அந்த இடமே சொந்தம்னுட்டார்! ஊரே கடப்பாரையோட இறங்கிருச்சு. வேலையை நின்னு பாத்தவர் பெருமாள் மேஸ்திரி, அளந்து கொடுத்தவர் மாரட். ஐயா, பெருமாள் மேஸ்திரி வீதி! மாரட் வீதி! லாட்ஜ் பேரு மாதிரி நாக்குல உருண்டுக்கிட்டிருந்த ரெண்டு பேரும் ரத்தமும் சதையுமா எழுந்து நிக்கிறாங்க! நான் "அடேங்கப்பா"ன்னு போட்ட சத்தத்துல படுத்திருந்த நாய் எழுந்து போயிருச்சு.

அங்கிருந்து நாலு எட்டு. நைட்டி, லுங்கி, துண்டுன்னு மொத்த ஜவுளிக்கடைங்க அடைச்சு நிக்கிற ஒரு சந்து. கற்பனை பண்ணிப் பாருங்க, அந்தச் சந்துல, ஒயர்களுக்கும் போர்டுகளுக்கும் நடுவுல, பத்து கருங்கல் தூண். ஒவ்வொண்ணும் ரெண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத தண்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தாத்தான் உச்சி தெரியும், மேல கூரை கிடையாது, நேரா வானம்! திருமலை நாயக்கர் அரண்மனையோட மிச்சமாம். மகால்னு நாம டிக்கெட் வாங்கிப் பாக்குறது அந்தப் பழைய அரண்மனையில ஒரு பகுதிதானாம், பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாத்தினப்ப பிரிச்சு எடுத்துட்டுப் போனது போக நின்னது. அப்ப முழு அரண்மனை எங்க வரைக்கும் இருந்திருக்கும்னு பாருங்க! எனக்குத் தாங்கல, போய் ஒரு தூணைக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். காலை நேரக் கல்லு, கன்னத்துல ஜில்லுன்னு இருந்துச்சு. அப்பத்தான் கடை திறக்க வந்த ஒருத்தர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்னண்ணே, லுங்கி வேணுமா?"ன்னார்.

விட்டவாசல் பாத்தோம், பாண்டியர் கோட்டையில மிச்சமிருக்கிற வாசல், இன்னிக்கும் அதுக்குள்ள புகுந்துதான் பைக்குங்க போகுது. எழுகடல் தெரு பாத்தோம், மீனாட்சியோட அம்மா காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் சொக்கநாதர் வரவழைச்ச இடம்னு புராணம், இப்ப கடல் இருந்த இடத்துல கட்டடம். கட்டி முடிக்காம நின்னுபோன ராயகோபுரத்துல தூணுக்குத் தூண் வேலைப்பாடு, அதைச் சுத்திப் பாத்திரக்கடை. எதிர்த்தாப்புல புதுமண்டபம். 124 தூண், நாயக்க ராஜாக்கள் ஆளுயரத்துக்கு மேல கைகூப்பி நிக்கிறாங்க. சாமி வசந்த விழாவுக்கு வந்து அமரணும்னு திருமலை நாயக்கர் கட்டினது. என் சின்ன வயசுல அந்த ராஜாக்களோட காலடியில தையல் மிஷின் ஓடிக்கிட்டிருக்கும், பக்கத்துல நோட்டுப்புத்தகக் கடை, குங்குமக் கடை. இப்ப கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு, மண்டபம் மூச்சு விடுது. நல்லதுதான். ஆனா அந்த மிஷின் சத்தம் இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, சொல்லாம இருக்க முடியல.

இனிமேதான் விஷயமே. அங்க ஒரு படியில உக்கார வச்சு டீச்சரம்மா மதுரைக்காஞ்சியை எடுத்தாங்க. மாங்குடி மருதனார் பாடினது, சங்க காலம், பகல்ல நாளங்காடி, ராத்திரியில அல்லங்காடின்னு இந்த ஊர்ல ரெண்டு கடைவீதி, அங்க யார் யார் இருந்தாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, பொன்னை உரசிப் பாக்குறவங்கன்னாங்க, தெற்கு ஆவணி மூல வீதியில நகைக்கடை வரிசை, துணி விக்கிறவங்கன்னாங்க, இப்பத்தானே ஒருத்தர் எனக்கு லுங்கி விக்கப் பாத்தார், செம்பை நிறுத்து வாங்குறவங்கன்னாங்க, நான் படக்குனு திரும்பிப் பாக்குறேன், ராயகோபுரத்தடியில ஷட்டரைத் தூக்கிவிட்டு ஒரு அண்ணாச்சி பித்தளைக் குடத்தைத் தராசுல வச்சு நிறுத்துக்கிட்டிருக்கார், சத்தியமா, அந்த நிமிஷமே, அப்படியே, ஆத்தாடி, ரெண்டாயிரம் வருஷமா இந்த ஊர் கடையைச் சாத்தவே இல்லடா டேய்னு யார்கிட்டயோ கத்தணும் போல இருந்துச்சு, பக்கத்துல நின்ன காலேஜ் பையன்கிட்ட கத்தியே விட்டேன், அவன் பாவம், "ஆமா சார்"னு தலையாட்டிட்டு ரெண்டடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டான், பூ விக்கிறவங்க பேரு பாட்டுல வந்தப்ப வாசல்ல ஒரு அக்கா கூடையை இறக்கி மல்லியைக் குவிச்சாங்க பாருங்க, அந்த வாசனையில எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

வெயில் ஏறுறதுக்குள்ள மேல மாசி வீதி. சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுதுன்னு கேளுங்க, மாசியில நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாத்தினவரே நம்ம திருமலை நாயக்கர்தான்னு சொல்வாங்க. அந்த வீதியில 251ஏ, கீழ கதர்க்கடை. மாடியிலதான் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி மேல்சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு இடுப்புல முழத்துண்டோட வெளிய வந்தார். அந்தக் கோலத்துல அவர் ஜனங்களுக்கு முன்னால நின்ன இடம் காமராசர் சாலையில இருக்கு, காந்தி பொட்டல். படியேறுறப்ப என் செருப்புச் சத்தம் எனக்கே சங்கடமா இருந்துச்சு, கையில கழட்டி எடுத்துக்கிட்டேன். யாரும் சிரிக்கல. இன்னும் ரெண்டு பேர் கழட்டினாங்க.

நடை முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சாச்சு, எனக்கு மட்டும் போக மனசில்ல. டீச்சரம்மா ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ற வரைக்கும் கேள்வி கேட்டுக்கிட்டே பின்னால போனேன். டவுன்ஹால் ரோட்டுல கடைங்களுக்குப் பின்னால ரொம்ப காலம் ஒரு முழுத் தெப்பக்குளமே ஒளிஞ்சு கிடந்துச்சே, கூடலழகர் கோயில் குளம், அதை ஏன் காட்டலைன்னேன். "அது வேற பாதை சார், அடுத்த தடவை"ன்னாங்க. அடுத்த தடவை! என் பேரை அங்கேயே எழுதிக் கொடுத்துட்டேன், கூட மச்சான் பேரையும். மச்சானுக்கு வரலாறுன்னா கொட்டாவி வரும். மொத்தக் கடையில லுங்கி எடுக்கப் போறோம்னு சொல்லி வச்சிருக்கேன்.