டோர் மென்பொருளின் தொடக்ககால மாற்றங்கள்: ஒரு விமர்சனப் பார்வை

டோர் என்பது இணையத்தில் யார் யாருடன் தொடர்பு கொள்கிறார் என்பதை மறைக்க உதவும் திறமூல மென்பொருள். இதன் மூலநிரல் 2002 இல் வெளியானது. 2003 அக்டோபரில் பொது வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன், பால் சைவர்சன் ஆகிய மூவரும் இதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை அளித்தனர். முந்தைய வடிவமைப்பிலிருந்து எவற்றை மாற்றினோம், எவற்றைக் கைவிட்டோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் கட்டுரை அது. டோர் பற்றித் தமிழில் வரும் அறிமுகங்களோ பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, அதை மாயப் போர்வையாகக் காட்டும். மற்றொன்று, 'இருண்ட வலை' என்று சொல்லிப் பயமுறுத்தும். மென்பொருளை உருவாக்கியவர்களே எழுதி வைத்த குறைகளை இரண்டு வகையுமே சொல்வதில்லை. எனவே அந்தத் தொடக்ககால மாற்றங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

அடிப்படைக் கருத்து

காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பேசிவரும் குழு அது. அத்தகைய கூட்டத்தில் ஒரு புதியவருக்கு டோரை விளக்க வேண்டுமானால் அவ்வூர்ப் பட்டுத் தொழிலே போதுமானது. பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் பட்டும் கொடுக்கும் முதலாளியைத் தெரியும். புடவையைக் கட்டப்போகும் பெண்ணைத் தெரியாது. முதலாளிக்கு நெய்பவரையும் கடைக்காரரையும் தெரியும். காந்தி ரோட்டுக் கடையில் புடவை வாங்குபவருக்குக் கடைக்காரரை மட்டுமே தெரியும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் மட்டும் அறிவார்கள். முழு வழியையும் அறிந்தவர் எவரும் இல்லை.

டோரும் இதையே செய்கிறது. பயனரின் தரவு மூன்று கணுக்கள் வழியாகச் செல்கிறது. மூன்று அடுக்கு மறையாக்கம் செய்யப்பட்ட பொதியில் ஒவ்வொரு கணுவும் ஓர் அடுக்கை உரிக்கும். முதல் கணுவுக்குப் பயனரைத் தெரியும், அவர் செல்லும் தளம் தெரியாது. கடைசிக் கணுவுக்குத் தளம் தெரியும், பயனரைத் தெரியாது. வெங்காயம் என்ற பெயர் இந்த அடுக்குகளால் வந்தது. இடையில் ஆட்களை வைத்து அனுப்புநரை மறைக்கும் எண்ணம் 1981 இல் டேவிட் சாம் எழுதிய கட்டுரையிலேயே உண்டு. அதை உடனடித் தொடர்புக்கு ஏற்றவாறு மாற்றியவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகியோர். அவர்களுடைய முதல் கட்டுரை 1996 இல் வெளிவந்தது. அந்த முதல் தலைமுறையின் பொதுச் சோதனை வலையமைப்பு ஒரே ஒரு கணினியில்தான் ஓடியது என்று 2004 கட்டுரை சொல்கிறது. ஆக, அடுத்து வந்த மாற்றங்கள், பெரும்பாலும் தாளில் மட்டும் இருந்த ஒரு திட்டத்தைப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளாக்க எடுத்த முடிவுகள்.

நன்மையே தந்த மாற்றம்

பழைய முறையில் அனுப்புநர் முழு வெங்காயத்தையும் ஒரே தடவையில் கட்டி அனுப்புவார். ஒவ்வோர் அடுக்கும் அந்தந்தக் கணுவின் நிலையான சாவியைக் கொண்டு பூட்டப்பட்டிருக்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. போக்குவரத்தை இன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு, பின்னொரு நாளில் கணுக்களின் சாவிகளைக் கைப்பற்றுபவர் பழையவற்றையெல்லாம் திறந்து படித்துவிடலாம்.

டோர் இதை மாற்றியது. பயனர் முதலில் ஒரு கணுவுடன் தற்காலிகச் சாவி ஒன்றை உருவாக்கிக் கொள்கிறார். அதன் வழியாக இரண்டாவது கணுவுடன் ஒன்று, பிறகு மூன்றாவதுடன் ஒன்று. மடக்குத் தொலைநோக்கியை இழுப்பது போலச் சுற்று நீள்கிறது. பயன்பாடு முடிந்ததும் சாவிகள் அழிக்கப்படுகின்றன. அதன்பிறகு கணுவை நடத்துபவரே மனம் மாறினாலும், நீதிமன்றமே ஆணையிட்டாலும் பழைய பொதியைத் திறக்க முடியாது. இம்மாற்றத்தால் பயனர் இழந்தது சுற்று உருவாகும் சில நொடிகள் மட்டுமே. தொடக்ககால மாற்றங்களில் குறை சொல்ல இடமில்லாதது இதுவே.

விலை கொடுத்து வாங்கிய எளிமை

முதல் தலைமுறையில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும், அதாவது உலாவிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பதிலி நிரல்கள் தேவைப்பட்டன. அவற்றில் பல எழுதப்படவே இல்லை. டோர் அந்தச் சுமையைத் தூக்கி எறிந்துவிட்டு, பல மென்பொருள்கள் ஏற்கெனவே அறிந்திருந்த சாக்ஸ் என்ற பொது நெறிமுறையை ஏற்றது. தரவின் உள்ளே அடையாளம் காட்டும் தகவல் இருந்தால் அதைச் சுத்தம் செய்வது தன் வேலையல்ல என்றும், அதற்கு வேறு மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டது.

பொறியியல் நோக்கில் இது நேர்த்தியான பிரிப்பு. ஆனால் விளைவைப் பாருங்கள். சில மென்பொருள்கள் ஒரு தளத்தின் பெயரைக் கொண்டு அதன் ஐ.பி. முகவரியைத் தேடும் வேலையை டோருக்கு வெளியே, வழக்கமான வழியிலேயே செய்தன. தரவு மூன்று கணுக்கள் வழியாக ஒளிந்து சென்றது. எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்ற கேள்வியோ பயனரின் இணையச் சேவை நிறுவனத்துக்கு வெளிப்படையாகப் போய்ச் சேர்ந்தது. டோர் இதைக் கண்டு எச்சரித்தது உண்மைதான். எச்சரிக்கை எங்கே வந்தது? பதிவுக் கோப்பில், ஆங்கிலத்தில். இது சோதனை மென்பொருள், வலுவான அநாமதேயத்துக்கு இதை நம்பாதீர்கள் என்ற வரியும் பல ஆண்டுகள் அதே இடத்தில்தான் இருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து படிப்பவருக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. தேவைப்படுபவர் அதைத் திறப்பதில்லை.

அடுத்தது இதைவிடப் பெரியது. பழைய வடிவமைப்பில் கணுக்கள் பொதிகளைச் சேர்த்து வைத்து வரிசை மாற்றி அனுப்புவதும், போலிப் பொதிகளை இட்டு நிரப்புவதும் இருந்தன. டோர் அவற்றைக் கைவிட்டது. ஏன் என்பதற்குப் பட்டுத் தொழில் உவமைக்கே திரும்பலாம். தறியிலிருந்து புடவை இறங்கும்போது ஒருவர் பார்க்கிறார். அதே ஆள் கல்யாண வீட்டிலும் நிற்கிறார். இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் கரையையும் முந்தானையையும் வைத்து இன்னார் நெய்தது இன்னாரிடம் வந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். இதைத் தடுக்க, முதலாளி ஒரே மாதிரியான நூறு புடவைகள் சேரும்வரை காத்திருந்து கலந்து அனுப்ப வேண்டும். பாதுகாப்புதான். ஆனால் முகூர்த்தம் தாண்டிவிடும்.

டோர் எல்லாப் பொதிகளையும் 512 பைட்டு என ஒரே அளவாக்கியது. நேரத்தை மட்டும் மறைக்கவில்லை. இரு முனைகளையும் ஒருசேரக் கண்காணிப்பவரிடமிருந்து காப்பாற்ற இயலாது என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டது. இந்த முடிவு சரியா? சரி என்றே கருத வேண்டும். காரணம் அநாமதேயத்தின் இயல்பில் இருக்கிறது.

2019 இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது அந்தக் கூட்டத்தில் குறிப்பிட்ட ஒருவரைத் தேடிப் பிடிப்பது யாராலும் ஆகாத காரியம். அதே மாடவீதியில் நள்ளிரவில் முகத்தை மூடிக்கொண்டு தனியாக நடப்பவரை அத்தனை பேரும் கவனிப்பார்கள். மறைப்பது போர்வையல்ல, கூட்டம். கடற்படை தனக்காகத் தொடங்கிய ஒன்றை எல்லோருக்கும் திறந்துவிட்ட காரணமும் இதுதான். கடற்படையினர் மட்டும் பயன்படுத்தும் வலையமைப்பில் வரும் பொதி எல்லாம் கடற்படையின் பொதி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மெதுவாக நகரும், பூரணப் பாதுகாப்புள்ள வலையமைப்பை நூறு பேர் பயன்படுத்துவதைவிட, குறைபாடுள்ள வேகமான வலையமைப்பை லட்சம் பேர் பயன்படுத்துவது ஒருவரை அதிகம் மறைக்கும்.

கூட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2013 டிசம்பர் நிகழ்வு சான்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா இணைப்பிலிருந்து டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று தேடிப் பிடித்தார்கள். சிறிய கல்லூரி வலையமைப்பிலிருந்து டோரைத் திறக்கும் நம் மாணவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

2007: இந்தியத் தூதரகங்களின் கடவுச்சொற்கள்

தொடக்ககால முடிவு ஒன்றின் விலையை இந்தியா நேரடியாகவே பார்த்திருக்கிறது. 2007 ஆகஸ்டு இறுதியில் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்பவர் நூறு மின்னஞ்சல் கணக்குகளின் விவரங்களைக் கடவுச்சொற்களுடன் இணையத்தில் வெளியிட்டார். பல நாட்டுத் தூதரகங்களின் கணக்குகள் அதில் இருந்தன. இந்தியத் தூதரகங்கள், தேசியப் பாதுகாப்பு அகாதெமி, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு ஆகியவையும் இருந்தன. சில நாட்களுக்குப் பின் வழியைச் சொன்னார். அவர் எதையும் உடைக்கவில்லை. ஐந்து கணினிகளில் டோரின் வெளியேறு கணுவை ஓடவிட்டு, தம் வழியாகச் செல்வதைப் படித்தார். அவ்வளவுதான்.

மூன்றாவது கணு கடைசி அடுக்கை உரித்ததும் தரவு எப்படித் தொடங்கியதோ அப்படியே வெளியே செல்கிறது. மின்னஞ்சல் வழங்கியுடனான தொடர்பே மறையாக்கம் இல்லாததாக இருந்தால் கடவுச்சொல் அந்தக் கணுவை நடத்துபவரின் கண்ணில் படும். வெளியேறு கணுவை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். அந்தத் திறப்புதான் டோர் வளரக் காரணம். அந்தத் தூதரக ஊழியர்களே டோரைப் பயன்படுத்தினார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே கடவுச்சொற்களைத் திருடியிருந்த வேறு சிலர், தங்களை மறைத்துக்கொள்ள டோர் வழியாக அக்கணக்குகளைப் படித்து வந்திருக்கலாம் என்பது எகர்ஸ்டாட்டின் சொந்தக் கணிப்பு. அது உண்மையானால் நிலைமை இன்னும் வேடிக்கையானது: மாயப் போர்வையை நம்பி ஏமாந்தவர்கள் திருடர்களும்தான்.

டோர் எங்களை ஏமாற்றிவிட்டது என்று எவரும் சொல்ல இயலாது. வெளியேறு முனைக்கு அப்பால் பாதுகாப்பு இல்லை என்பது ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. 'இடத்தை மறைக்கும்', 'உள்ளடக்கத்தை மறைக்காது' என்ற வேறுபாட்டைப் பயனர் உணரும் விதத்தில் மென்பொருளே காட்டவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

பிற திருத்தங்கள்

சில குறைகள் விரைவாகவே சரிசெய்யப்பட்டன. தொடக்கத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் கணு புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடிக்கடி மாற்றுவது பாதுகாப்பு என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில், மாற்ற மாற்ற ஒருநாள் எதிராளியின் கணு முதலிடத்தில் வந்து அமரும். லாஸ்ஸே ஓவர்லியரும் சைவர்சனும் 2006 இல் இதைச் செயலில் காட்டினர். அதன் பிறகு நீண்ட காலம் மாறாத காவல் கணுக்கள் நடைமுறைக்கு வந்தன.

2008 மே மாதம் வேறொரு பாடம். டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்பில் 2006 இல் நீக்கப்பட்ட சில வரிகளால், உருவாகும் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாகி இருந்தன. டோரின் அடைவு வழங்கிகளில் மூன்றின் சாவிகளும் அப்படி உருவானவை. அவை உடனே மாற்றப்பட்டன. டெபியன் பயன்படுத்தாதவர்களும் புதிய பதிப்புக்கு மாற வேண்டியதாயிற்று. திறமூலம் என்றால் யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிழை சுமார் இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது.

கணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதில் மாற்றம் குறைவு. 2004 மே மாதம் 32 கணுக்கள். அமெரிக்காவில் 24, ஐரோப்பாவில் 8. எண்ணிக்கை இன்று ஆயிரக்கணக்கில் உயர்ந்தும் பெரும்பகுதி அந்த இரு நிலப்பரப்புகளிலேயே இருக்கிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, மெய்நிகர் வழங்கிகளை வாடகைக்குத் தருவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இங்கே ஒரு கணுவை நடத்த முன்வருபவர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

கைவிடப்பட்ட நிரப்புப் பொதிகள் 2017 முதல் ஓரளவு திரும்பி வந்தன. 2007 இல் வெளிப்பட்ட ஓட்டையைப் பயனர் பக்கத்தில் அடைக்கும் முயற்சி 2010 இல் மின்னணு எல்லை அறக்கட்டளையுடன் சேர்ந்து உருவாக்கிய உலாவி நீட்சியாகத் தொடங்கியது. மறையாக்கம் இல்லாத தளத்துக்குச் செல்லும் முன் பயனரை நிறுத்திக் கேட்கும் வசதி, மேசைக்கணினிக்கான டோர் உலாவியில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2022 ஜூலையில் வந்த 11.5 பதிப்பில்தான்.